பத்திரத்தில் இருந்த பரதேசி

சென்ற வருஷம் மாசி மாதம் சித்தூர் போயிருந்தேன். பாலக்காட்டிலிருந்து தெற்கே, சோகநாசினி என்று பெயர் பெற்ற ஆற்றின் கரையில் உள்ள சித்தூர். அதன் தெக்கே கிராமத்தில்தான் எங்கள் வீடு. இந்தத் தடவை போனது தரிசனத்துக்கு மட்டும் அல்ல. அந்த வீட்டை விற்பது பற்றிப் பெரியப்பா பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்கு. பாகஸ்தர்கள் ஏழு பேர், ஏழு ஊர். ஓடு இறங்கி, இரண்டாங்கட்டில் மழை ஒழுகுகிறது. பூட்டின வீட்டைக் கறையான்தான் அனுபவிக்கிறது.

பத்திரங்கள் தேடி மச்சிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தோம். என் தாத்தாவின் அப்பா பெயரில் ஒரு பழைய பத்திரம், மலையாளத்தில். பெயரை அடுத்து ஜாதி எழுதும் இடத்தில் 'பரதேசி பிராமணன்' என்று இருந்தது. நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்குப் படம் எடுத்து அனுப்பி, மலையாளம் தெரியாதவனாயிற்றே என்று கீழே தமிழில் எழுதியும் வைத்தேன். அன்று ராத்திரியே கூப்பிட்டான்.

"என்னப்பா இது? எள்ளுத் தாத்தாவைப் போய்ப் பரதேசின்னு எழுதியிருக்கா! நமக்கு அவ்வளவு தரித்திரமா?"

சிரித்துவிட்டேன். தமிழில் பரதேசி என்றால் பிச்சைக்காரன். மலையாள நாட்டுத் தஸ்தாவேஜுகளில் அது பர தேசத்திலிருந்து வந்தவன் என்ற பொருளில் எழுதும் சொல். நம்பூதிரிகள் மலையாள பிராமணர். நாம் பரதேசி பிராமணர். பேச்சுவழக்கில் பட்டர். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய நூலிலும் பட்டர் என்ற தலைப்பில்தான் நம்மவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அவனுக்கு விளக்கினேன். "அங்கே உனக்குக் கிரீன் கார்டு கொடுத்தபோது ஃபாரத்தில் என்னன்னு போட்டிருந்தான்?" என்று கேட்டேன். "ஏலியன்" என்றான். அப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது அப்போதுதான். பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் எல்லோருக்குமே பிள்ளைகளைப் பற்றி ஒரே கவலை. அடுத்த தலைமுறைக்கு என்ன நிற்கும்? ஐந்நூறு, அறுநூறு வருஷம் அந்நிய பாஷை பேசும் தேசத்தில் குடியிருந்து, இன்னமும் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றிக்கொண்டு வந்த ஒரு ஜனக்கூட்டம் அதை எப்படிச் சாதித்தது என்று பார்த்தால் நமக்கு ஏதாவது தெரியுமே.

மேற்கு மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். காற்றும், மாட்டு வண்டிகளும், படைகளும், நம் முன்னோர்களும் வந்த வழி அதுவே. வந்த காரணம் பலவிதமாகச் சொல்வார்கள். பாலக்காட்டு ராஜாவுக்கும் நம்பூதிரிகளுக்கும் மனஸ்தாபம் வந்து, கோயில் காரியங்களுக்கு ஆளில்லாமல் தமிழ் தேசத்திலிருந்து பிராமணர்களை வரவழைத்தார் என்பது ஒரு வரலாறு. 1311-ல் மாலிக் காபூர் மதுரை வரை வந்ததும் அதன்பின் நேர்ந்த குழப்பங்களும் காரணம் என்பார் சிலர். என் அபிப்பிராயம், அரிசியும் காரணம். தண்ணீரும் நெல்லும் உள்ள இடத்தில் ஆதரிக்க ஒரு ராஜாவும் இருந்தால் யார்தான் வரமாட்டார்கள்? எல்லோரும் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் இல்லை. தஞ்சாவூரிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் பல தலைமுறைகளாக வந்து சேர்ந்தவர்கள். கல்பாத்தி விசுவநாத ஸ்வாமி கோயில் மட்டும் காலம் தெரிந்தது. காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த லக்ஷ்மி அம்மாள் என்னும் விதவை, இட்டிக்கொம்பி அச்சனிடம் 1320 பொற்காசுகள் கொடுத்து அதைக் கட்டச் சொன்னாள் என்பது கதை. ஆண்டு கி.பி. 1425, கொல்லம் 600. பாலக்காட்டைச் சுற்றித் தொண்ணூற்றாறு கிராமங்கள் என்று கணக்குச் சொல்வது வழக்கம். கிராமம் என்றால் நம் வழக்கில் அக்ரஹாரம்.

சித்தூர் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு. சித்தூர் பாலக்காட்டு ராஜாவுடையது அல்ல, கொச்சி ராஜாவுடையது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் மலபார், மறுபக்கம் கோயம்புத்தூர் ஜில்லா, நடுவே மற்ற கொச்சிப் பிரதேசங்களோடு ஒட்டாமல் தனியாகத் தீவு மாதிரிக் கிடந்த தாலுகா. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பிறகு திருச்சூர் ஜில்லாவில் இருந்தது. 1957 ஜனவரி 1-ந் தேதி பாலக்காடு ஜில்லா ஏற்பட்டபோதுதான் அதில் சேர்ந்தது. ஆறுகூடத் தமிழ்நாட்டுப் பிறவி. ஆனைமலையில் ஆழியாறாகப் புறப்பட்டு, எங்கள் படித்துறைக்கு வரும்போது சித்தூர்ப்புழை ஆகிவிடுகிறது.

எங்கள் தெக்கே கிராமத்தை ஏற்படுத்தியவர் யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். துஞ்சத்து எழுத்தச்சன். மலையாள பாஷைக்குத் தகப்பன் என்று கேரளம் முழுதும் கொண்டாடுகிறதே, அதே எழுத்தச்சன். அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு எழுதியவர். கடைசிக் காலத்தில் அவர் இந்த ஆற்றங்கரையில் வந்து தங்கி, ஒரு மடம் கட்டி, ராமனுக்கும் சிவனுக்கும் கோயில் எடுத்து, தம்மோடு வந்த பன்னிரண்டு பிராமணக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் குடிவைத்தார் என்பது ஐதிகம். அந்தக் குருமடம் இன்றும் இருக்கிறது. எங்கள் குடும்பம் அந்தப் பன்னிரண்டில் ஒன்றா என்று கேட்காதீர்கள், இல்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். ஆனாலும் அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு அந்தப் பெருமையில் ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் பேசும் தெருவுக்கு மலையாளத்தின் பிதாமகரே காப்பாளர். இந்த ஒன்றிலேயே நம் கதையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி கொங்கன் படையில். கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், சித்தூர் பகவதிக்கு நடக்கும் பெரிய உத்ஸவம் அது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த கொங்கனைப் பகவதி அருளால் சித்தூர்க்காரர்கள் முறியடித்த வெற்றியை வருஷாவருஷம் நடித்துக் கொண்டாடுவார்கள். கொங்கன் என்றால் யார்? கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த தமிழன். நாங்களும் கணவாய்க்கு அப்பாலிருந்து வந்தவர்கள்தான். ஆனாலும் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு, கொங்கன் தோற்கும்போது தொண்டை கிழியக் கத்துவேன். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். யார் பக்கம் கத்துகிறோம் என்ற சந்தேகம் எனக்கும் வரவில்லை, அப்பாவுக்கும் வந்ததில்லை. ஊர் அம்மன் ஜெயித்தாள், நாங்களும் ஊர்க்காரர்கள்.

அப்படியானால் தனித்து நின்றது எது?

தெருதான் என்று சொல்வேன். நம்பூதிரி இல்லங்களும் நாயர் தரவாடுகளும் அதனதன் பறம்பின் நடுவில் தனித்தனியாக நிற்கும். நம் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி, இரண்டு வரிசையாக, திண்ணையும் ரேழியும் கூடமும் கொல்லையுமாகப் போகும். தெருக்கோடியில் கோயில். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கஷாயம் கொதிக்கும். சாயங்காலம் ஸந்தியாவந்தனம் பண்ணாமல் நழுவின பையனை ஐந்தாறு திண்ணைகள் விசாரிக்கும். "ஏண்டா அம்பி, ஆத்தங்கரைக்கு வரல்லியே, என்னாக்கும் விசேஷம்?" என்று எதிர் வீட்டுத் தாத்தா கேட்டால் பதில் சொல்லி மாளாது. பெற்றவர்களுக்குப் பையனைத் திட்டவேண்டிய வேலையே இருக்காது.

அடுத்தது கிராம சமூகம். பெரிய வார்ப்பு, உருளி, ஜமக்காளம், தேர்க்கயிறு எல்லாம் சமூகத்துச் சொத்து. கோயில் உத்ஸவத்தில் ஒவ்வொரு நாள் செலவும் இன்ன வீடு என்று முறை உண்டு. மண்டலத்தில் சாஸ்தா ப்ரீதி, ராம நவமி, நவராத்திரி எல்லாவற்றுக்கும் அப்படியே. பக்தி இருக்கிறதோ இல்லையோ, முறை வந்தால் செய்தாக வேண்டும். 'இந்த வருஷம் மனசு சரியில்லை' என்று யாரும் விட முடியாது. கொடுந்திரப்புள்ளி கிராமத்தில் ஸாம வேதத்தின் ஜைமினீய சாகை நின்றதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். தாய் நாட்டிலேயே அரிதாகிவிட்ட சாகை அது. பாட்டுக்கும் இது பொருந்தும். செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், எம்.டி. ராமநாதன் எல்லோரும் இந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். மணி ஐயர் மிருதங்கத்தில் மேல் பாடத்துக்குத் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் போனார். குடிபெயர்ந்தவன் பேரன் பழைய ஊருக்கே திரும்பிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான்! குலதெய்வமும் அப்படி. எங்களுக்கு வைத்தீஸ்வரன் கோயில். எந்த ஊரிலிருந்து கிளம்பினோம் என்பது மறந்து போயிற்று; ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னும் மஞ்சள் துணியில் காசு முடிவது மறக்கவில்லை.

தெருவுக்கு வெளியே இருந்து வந்ததை வேண்டாம் என்று சொன்னார்களா? சொல்லவே இல்லை. குடுமியைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள், நம்பூதிரி மாதிரி முன்னால் அல்ல. ஆனால் சாப்பாட்டில் காளனும் ஓலனும் எரிசேரியும் ஏறின. சாம்பாருக்குப் பக்கத்தில் மொளகூட்டல் வந்து உட்கார்ந்தது. சக்கப் பிரதமன் இல்லாத கல்யாணம் உண்டா? சித்திரை முதல் தேதி விஷுக்கணி. கர்க்கடகத்தில் வீட்டுக்கு வீடு பகவதி சேவை. பாஷையிலும் அதே கதைதான். குடிக்கும் தண்ணீருக்கு வெள்ளம் என்போம். முதல் தடவை மெட்ராஸ் போனபோது ஒரு மாமியிடம் "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்கோ" என்று கேட்டு, அந்தக் கூடமே சிரித்தது. நாங்கள் மலையாளிக்குத் தமிழர், தமிழருக்கு மலையாளி. இது புது வருத்தம் அல்ல, பழகினது.

என் பாட்டியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, தாலாட்டு எல்லாம் தமிழ்ப் பாட்டு. எழுத்து முழுக்க மலையாளம். பாட்டிக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கர்க்கடகம் முழுதும் விளக்கேற்றி எழுத்தச்சன் ராமாயணம் வாசிப்பாள். வாசித்து முடித்துவிட்டு எங்களைத் தமிழில் திட்டுவாள். இப்போது என் பேத்தி ஸ்லோகங்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு சொல்கிறாள். முதலில் பார்த்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. தகரப் பெட்டியில் பாட்டியின் நோட்டு மறுபடி கையில் கிடைத்த பிறகு அந்தத் துக்கம் பாதியாகிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். காப்பாற்றின அதே தெரு, பிறரைத் தள்ளியும் வைத்தது. 1924-ல் கல்பாத்தித் தேரின்போது ஈழவர்கள் அந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுத்து அடித்து விரட்டினார்கள். அடுத்த வருஷமும் அது பெரிய வழக்காகி, சென்னை ராஜதானி முழுதும் பேச்சாயிற்று. பொது வழியில் நடக்க உரிமை கேட்டவர்கள் அவர்கள், மறுத்தவர்கள் நம்மவர்கள். எங்கள் தெருவில் வழக்கம் வேறாக இருந்திருக்க நியாயமில்லை. ஆசாரம் என்று பேச ஆரம்பித்தால் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போகிற பழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. அப்பாவும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

தெரு காலியானதற்கு யாரும் படையெடுத்து வரவில்லை. பாலக்காட்டில் 1866-ல் தொடங்கின பள்ளிக்கூடம் 1888-ல் விக்டோரியா கல்லூரி ஆயிற்று. ரயில் முன்பே வந்துவிட்டது. இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் ரயிலேறினார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்கு நிலம் இருந்தது. 1963-ல் இயற்றி 1969-ல் திருத்தின நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்ததும் குத்தகை நிலம் உழுகிறவனுக்குப் போயிற்று. எங்களுக்கும் போயிற்று. உழுதவனுக்குப் போனதில் அநியாயம் என்று சொல்ல இன்று எனக்கு நாக்கு வரவில்லை. அப்பா அப்படி நினைக்கவில்லை. பத்தாயத்துக்கு நெல் வராத முதல் வருஷம், அதன் பக்கத்தில் வெறுமனே நின்றுகொண்டிருப்பார். கிராம சமூகத்தின் வரும்படியும் அந்த நெல்லில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

நான் அதற்கு முன்பே, சித்தூர் கவர்ன்மெண்ட் காலேஜில் படித்துவிட்டு 1966-ல் பம்பாய் போய்விட்டேன். மாதுங்காவில் ஓர் அறையில் நாலு பேர். அங்கே பார்த்தால் இன்னொரு கிராமம்! தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-லேயே பள்ளிக்கூடம் வைத்தாயிற்று. ஷண்முகானந்த சபை 1952-ல். கோயில், பஜனை, சாஸ்திரிகள், முருங்கைக்காய் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்ததும் வாடகை கட்டாமல் தூரத்துப் புறநகருக்குப் போனோம். நல்ல காற்று, நல்ல பள்ளிக்கூடம். நம்மவர்கள் யாரும் கிடையாது. வீட்டிலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நானும் அகத்துக்காரியும் தீர்மானம் பண்ணினோம்.

பையனுக்கு உபநயனம் பண்ணி நானே உட்கார்ந்து மந்திரம் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாசம் நின்றது. எனக்கு ஆபீஸ், அவனுக்குப் பரீட்சை. கேட்க எதிர் திண்ணை இல்லை. பெண் விஷயம் வேறாயிற்று. லீவு விட்டால் மாதுங்காவில் அவள் அத்தை வீட்டுக்குப் போவாள். அத்தை சனிக்கிழமை தோறும் பஜனைக்கு இழுத்துக்கொண்டு போவாள். அங்கே இவள் வயசுக் குழந்தைகள் பத்துப் பேர். தாளம் போட ஒருத்தி, பிரசாதம் கொடுக்க ஒருத்தி என்று முறை. இரண்டு குழந்தைகளும் ஒரே வீட்டுச் சாதம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இன்று பெண் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். பையன் எந்தத் தப்பும் பண்ணவில்லை; அவனுக்கு நான் தெருவைக் கொடுக்கவில்லை. இதை அவனிடம் நேரில் சொல்லச் சென்ற வருஷம்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அமெரிக்காவுக்கு முதலில் போனவர்கள் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. 1965-ல் அங்கே குடியேற்றச் சட்டம் மாறியது. 1977-லேயே நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் ஆகிவிட்டது; 1978-ல் கிளீவ்லாந்தில் தியாகராஜ உத்ஸவம் தொடங்கிவிட்டது. பனியில் மைல் கணக்காகக் கார் ஓட்டிக்கொண்டு போய், மாவு கரைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் முறை போட்டுக்கொண்டார்கள். அதை அக்ரஹாரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்தான்.

வீடு விற்றாகிவிட்டது. வாங்கினவர் நம்மவர் அல்ல. நல்ல மனுஷர், முன் திண்ணையை இடிக்கமாட்டேன் என்று தாமாகவே சொன்னார். பத்திரம் பதிந்த மறுநாள் சமூகத்தின் காரியதரிசியைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளப் போனேன். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆம் போனா என்ன? உத்ஸவத்துல உங்க ஆத்து நாள் இருக்கே. அது ஆத்தோட சேர்ந்ததில்லை, ஆளோட சேர்ந்தது. இந்த வருஷம் யார் பேர்ல எழுதட்டும்?" என்று கேட்டார். பாகஸ்தர்கள் ஏழு பேரில் யாருக்கும் அந்த நாள் ஞாபகமே இருக்கவில்லை.

என் பேரில் எழுதச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது. பிள்ளையின் பெயரைச் சொன்னேன். நக்ஷத்திரம் கேட்டார், சொன்னேன். ராத்திரி அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பணம் அனுப்புகிறேன் என்று உடனே சொன்னான். பணம் மட்டும் போதாது, அன்றைக்கு ஸங்கல்பத்துக்கு ஆள் நிற்க வேண்டும், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். தேதி கேட்டான். திதியைத்தான் எழுதி வைத்திருந்தேன். பஞ்சாங்கம் பார்த்துத் தேதி சொன்னேன்.

"அன்னிக்கு அவளுக்கு ஸ்கூல் இருக்கும்ப்பா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "பார்க்கறேன். அந்தப் பரதேசி பத்திரம் உன்கிட்டத்தானே இருக்கு? வித்தவாளோட கொடுத்துடலியே?" என்று கேட்டான்.

கொடுக்கவில்லை. மூலப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இது என் அலமாரியில், பாட்டியின் நோட்டோடு இருக்கிறது.